ஒரே ஒரு படத்தில் அடங்குமா ஓர் ஊர்? உலகத்தின் கண்ணில் கடலூரும் சிதம்பரமும்

கடற்கரை மணலில் ஒரு பெண் விழுந்து அழுகிறார். முகம் மண்ணைப் பார்த்திருக்கிறது. விரிந்த கைகளின் உள்ளங்கைகள் வானத்தைப் பார்த்திருக்கின்றன. படத்தின் ஓரத்தில் இறந்துபோன ஒருவரின் கை மட்டும் தெரிகிறது. 2004 டிசம்பர் 28, சுனாமி தாக்கிய மூன்றாம் நாள், கடலூரில் எடுக்கப்பட்ட படம் இது. எடுத்தவர் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் புகைப்படக் கலைஞர் ஆர்கோ தத்தா. ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் வேர்ல்டு பிரஸ் போட்டோ அமைப்பு, அந்த ஆண்டின் உலகச் சிறந்த செய்திப் படமாக இதைத்தான் தேர்ந்தெடுத்தது.

அதுவரை கடலூர் என்ற பெயரையே கேட்டிராத எத்தனையோ பேருக்கு, அந்த ஊர் அறிமுகமானது இந்தப் படத்தின் வழியாகத்தான்.

அங்கிருந்து தெற்கே ஐம்பது கிலோமீட்டருக்குள் சிதம்பரம். அதே 2004ஆம் ஆண்டு ஜூன் 18 அன்று, ஜெனீவாவுக்கு அருகே உள்ள செர்ன் அணு ஆராய்ச்சி மையத்தில் 2 மீட்டர் உயர நடராஜர் சிலை ஒன்று திறந்து வைக்கப்பட்டது. இந்திய அணுசக்தித் துறை தந்த அன்பளிப்பு. அணுத்துகள்களின் ஆட்டத்தையும் ஆடல்வல்லானின் ஆட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து வியக்கிறது உலகம்.

ஒரே மாவட்டம். ஒரே ஆண்டு. உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தவை இரண்டே இரண்டு படங்கள். ஒன்றைப் பார்த்தால் ‘ஐயோ பாவம்’ என்று தோன்றுகிறது. இன்னொன்றைப் பார்த்தால் ‘ஆஹா, அதிசயம்’ என்று தோன்றுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாம் வாழ்கிறோம். ஆனால், அந்த நடுப்பகுதி யார் கண்ணிலும் படுவதில்லை.

‘வளரும் நாடுகள்’ என்று பெயர் சூட்டப்பட்ட எல்லா நாடுகளுக்கும் இதே கதைதான். நம் வீட்டுக்குப் பக்கத்தில் நடந்ததை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

படத்துக்கு வெளியே நின்றவர்கள்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கடலூர் படம் பொய் இல்லை. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், புதுக்குப்பம், சாமியார்பேட்டை என்று கரையோரம் முழுக்க அன்று அழுகைதான். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தத் துக்கத்தை உலகம் பார்த்ததில் தவறே இல்லை. பார்த்ததால்தான் பல கைகள் உதவிக்கு நீண்டன.

சிக்கல் எங்கே என்றால், அதே நாளில் அதே கரையில் நடந்த மற்ற காரியங்களுக்குப் படம் இல்லை என்பதுதான்.

கடலூருக்குச் சற்று வடக்கே, புதுச்சேரி எல்லைக்குள் இருக்கிறது நல்லவாடு மீனவர் கிராமம். அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு ஒரு கிராம அறிவு மையம் நடந்துவந்தது. அலையின் உயரம், வானிலை போன்ற தகவல்களை ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவிப்பார்கள். டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் செய்தார். செய்தி அறிவு மையத்துக்குப் போனது. ஒலிபெருக்கி அலறியது. மூவாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊர் மேட்டை நோக்கி ஓடியது. படகுகள் போயின, வலைகள் போயின. உயிர்கள் தப்பின.

ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி, பதறாமல் வேலை பார்த்த சில பேர். இதற்கு உலக விருது வாங்கும் அளவுக்கு ஒரு படம் கிடைக்காது. ஏனென்றால், நடக்காமல் போன சாவைப் படம் பிடிக்க முடியாது.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம். அங்கே அலையாத்திக் காடுகள் சில கிராமங்களுக்கு அரணாக நின்றன. கடலூர் மாவட்டக் கரையின் சுனாமிச் சேதத்தைச் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்த ஒரு கட்டுரை, 2005இல் அமெரிக்காவின் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றது அது. மரங்கள் எந்த அளவுக்குக் காத்தன என்பது பற்றி விஞ்ஞானிகளிடையே பிறகு விவாதமும் நடந்தது. ஆனால், கடற்கரையை எப்படிக் காப்பது என்ற உலக விவாதத்தில் பிச்சாவரம் ஒரு முக்கியமான சான்றாகிவிட்டது. அழிந்துகொண்டிருந்த அந்தக் காட்டில் வாய்க்கால் வெட்டி, நீரோட்டத்தை மீட்டு, கன்றுகளை நட்டு வளர்க்கும் வேலை சுனாமிக்குப் பல ஆண்டுகள் முன்பே, 1990களில் தொடங்கியிருந்தது. உள்ளூர் மக்களின் கை அதில் இருந்தது.

இன்னொரு தகவல். அந்தச் சுனாமியின்போது இந்திய அரசு, வெளிநாட்டு அரசுகளின் அவசர நிவாரண உதவி தேவையில்லை என்று சொல்லிவிட்டது. தன் கரையில் பிணங்களை எடுத்துக்கொண்டிருந்த அதே நாட்களில், இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் தன் கடற்படைக் கப்பல்களை அனுப்பியது. உதவி மறுத்தது சரியா தவறா என்று அப்போதே விவாதம் நடந்தது. அது வேறு கதை. ‘கை ஏந்துகிற நாடு’ என்று பலர் மனத்தில் வைத்திருந்த படத்தோடு அது பொருந்தவில்லை என்பதுதான் இங்கே செய்தி.

தாது வருஷத்தில் தொடங்கிய பழக்கம்

இந்தப் பார்வை சுனாமியில் பிறந்ததில்லை. அதன் வேர், புகைப்படக் கலை இங்கே வந்து சேர்ந்த காலத்துக்கே போகிறது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் உலுக்கியது. நம் பாட்டன் பூட்டன்கள் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று சொல்லிச் சொல்லி நடுங்கிய பஞ்சம் அது. லட்சக்கணக்கானவர்கள் மடிந்தார்கள். அப்போது வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமாக இருந்த குடும்பங்களை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். பட்டினியைப் பதிவுசெய்த உலகின் ஆரம்பகாலப் புகைப்படங்களில் அவையும் சேரும். இன்றும் இணையத்தில் தேடினால் அவை கண்முன் வந்து நிற்கும்.

அந்தப் படங்களில் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். ஆனால், அந்தப் பஞ்ச காலத்திலும் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை என்பது அதில் தெரியாது. நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை 1877இல் நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே கொஞ்சம் காசு என்ற அளவுக்குக் குறைக்கச் சொன்ன அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பதும் தெரியாது. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. பசித்தவர் படத்தில் இருக்கிறார். பசிக்குக் காரணமானவர் படத்தில் இல்லை. பார்க்கிறவர் என்ன நினைப்பார்? ‘மழை பொய்த்தது, பாவம் இந்த மக்கள்’ என்றுதானே?

நூறு ஆண்டுகள் கழித்து, 1984இல் எத்தியோப்பியாவில் பஞ்சம் வந்தபோதும் இதுதான் நடந்தது. ஒட்டிய வயிற்றோடு குழந்தைகள், கண்ணில் ஈ மொய்க்கும் முகங்கள். 1985 ஜூலையில் ‘லைவ் எய்டு’ என்ற மாபெரும் இசை நிகழ்ச்சி நடத்திப் பணம் திரட்டினார்கள். நல்ல மனதோடு செய்த காரியம்தான். ஆனால், அந்தப் பஞ்சத்தில் வறட்சியோடு உள்நாட்டுப் போருக்கும் பங்கு இருந்தது என்பதைப் பாட்டு சொல்லவில்லை.

விளைவு என்ன? வி.எஸ்.ஓ. என்ற பிரிட்டன் தொண்டு நிறுவனம் 2002இல் அந்நாட்டு மக்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. வளரும் நாடுகள் என்றதும் பஞ்சம், பேரழிவு, மேலைநாடுகளின் உதவி ஆகியவைதான் நினைவுக்கு வருகின்றன என்று 80 சதவிகிதம் பேர் சொன்னார்கள். லைவ் எய்டு முடிந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகும்!

ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்களே இதை உணர்ந்து, 1989இல் தங்களுக்குள் ஒரு நடத்தை விதியை வகுத்துக்கொண்டன. பிற நாட்டு மக்களைக் கையாலாகாதவர்களாகக் காட்டும் படங்களைத் தவிர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். விதி வந்தது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

குரங்கைவிடக் குறைந்த மதிப்பெண்

சுவீடன் நாட்டு மருத்துவப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங், உலகத்தைப் பற்றி மக்களுக்கு எவ்வளவு தெரியும் என்று தேர்வு வைத்துப் பார்த்தவர். 2017இல் அவருடைய குழு 14 நாடுகளில் சுமார் 12,000 பேரிடம் கேள்விகள் கேட்டது. அதில் ஒன்று: உலகத்தில் ஒரு வயதுக் குழந்தைகளில் எத்தனை சதவிகிதம் பேருக்கு ஏதாவது ஒரு நோய்க்கான தடுப்பூசி போடப்பட்டிருக்கிறது? 20, 50, 80 என மூன்று விடைகள் கொடுத்தார்கள்.

சரியான விடை 80. அதைச் சொன்னவர்கள் 13 சதவிகிதம் பேர். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைத் தொட்டிருந்தாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லியிருப்பார். மிருகக்காட்சிசாலைக் குரங்குகளிடம் கேட்டிருந்தால் இதைவிட நல்ல மதிப்பெண் வந்திருக்கும் என்று ரோஸ்லிங் கேலி செய்வார். தெரியாதவர் குருட்டாம்போக்கில் தப்பாகச் சொல்வது வேறு. ஒரு பிம்பத்தை மனத்தில் வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே பக்கமாகத் தப்பாகச் சொல்வது வேறு.

நம் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-21இல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99.6 சதவிகிதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். அந்தக் காலகட்டத்தில் ஏறக்குறைய பிரான்ஸ் நாட்டில் இருந்த அதே அளவு! ‘குழந்தைகளைப் பெற்றுத் தள்ளும் இந்தியா’ என்ற படத்தை மனத்தில் வைத்திருப்பவரிடம் இதைச் சொன்னால் நம்புவாரா?

உலக வங்கிகூட 2016இல் தன் வளர்ச்சிக் குறியீட்டுத் தொகுப்பில் ‘வளர்ந்த நாடுகள், வளரும் நாடுகள்’ என்ற இரண்டு பெட்டிகளைக் கைவிட்டது. எல்லா நாடுகளையும் இரண்டே பெட்டியில் அடைக்க முடியாது என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது. மனத்தில் இருக்கும் பெட்டிகள்தான் இன்னும் திறக்கவில்லை.

படம் எங்கே போகிறதோ, பணம் அங்கே போகிறது

‘யாரோ எப்படியோ நினைத்துவிட்டுப் போகட்டுமே, நமக்கென்ன?’ என்று கேட்கத் தோன்றும். ஆனால், படம் வெறும் படமாக நின்றுவிடுவதில்லை. உதவியும் கவனமும் அதன் பின்னாலேயே போகின்றன.

சுனாமி நேரத்தில் நம் கரையோரங்களில் லாரி லாரியாகப் பழைய துணிகள் வந்து குவிந்தன. கிழிந்தவை, அழுக்கானவை, இங்கே யாரும் உடுத்தாதவை. மீனவர் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. சாலையோரம் மலைபோல் கிடந்தன. அனுப்பியவர்களில் நம் மாநிலத்தவரும் உண்டு, வெளியில் இருந்தவர்களும் உண்டு. அவர்கள் மனத்தில் இருந்த படத்தில், பாதிக்கப்பட்டவர் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். நிஜத்தில் அவர் நேற்றுவரை படகு வைத்துத் தொழில் செய்தவர், மானத்தோடு வாழ்ந்தவர்.

இன்னொரு கொடுமை. ‘சுனாமியில் பாதிக்கப்பட்டவர்’ என்றதும் எல்லோர் கண்முன்னும் வந்தது கடலுக்குப் போகும் மீனவர்தான். கிள்ளை, பிச்சாவரம் பக்கம் உப்பங்கழியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்கள் அந்தப் படத்தில் இல்லை. கரையோரத்தில் கூலி வேலை செய்த தலித் குடும்பங்களும் இல்லை. அதனால் ஆரம்பகட்ட நிவாரணப் பட்டியல்களில் இவர்களில் பலர் விடுபட்டார்கள். சாதியும் சான்றிதழ் சிக்கல்களும் சேர்ந்துகொண்டன. படத்தில் இல்லாதவர் பட்டியலிலும் இல்லை. ஒரு பிம்பத்தால் வயிற்றில் அடி விழும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. நெல் போனால் அடுத்த போகத்தில் எடுத்துவிடலாம். பலா காய்க்க எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்று அந்த விவசாயிகளுக்குத்தான் தெரியும். ஒரு தலைமுறையின் சேமிப்பு ஒரே காலையில் போனது. உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. விழுந்து கிடக்கும் மரத்துக்கு அழத் தெரியாதே!

மெதுவாக வரும் கஷ்டத்துக்குப் படமே கிடையாது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராம மக்கள் பல ஆண்டுகளாகக் காற்றில் வரும் நாற்றத்தைப் பற்றிப் புகார் சொல்லிவந்தார்கள். ‘படிக்காத ஜனங்கள் சொல்வதற்கு ஆதாரம் என்ன?’ என்ற கேள்விதான் திரும்ப வந்தது. 2004இல் அவர்களே ஒரு கண்காணிப்புக் குழு அமைத்தார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எந்தத் திசை, என்ன வாடை என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்தார்கள். பக்கெட்டுக்குள் ஒரு பையைப் பொருத்திக் காற்றைப் பிடிக்கும் எளிய முறையைக் கற்றுக்கொண்டு, மாதிரிகளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அவற்றில் பல ரசாயனங்கள் இருப்பது தெரியவந்தது.

இதே கடலூர்தான். இதே சாதாரண ஜனங்கள்தான். மூக்கையே அளவுகோலாக வைத்து அறிவியல் செய்தவர்கள் இவர்கள். ஆனால், கடலூரைத் தெரிந்துகொண்ட உலகத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆஹா என்பதிலும் ஓர் ஆபத்து

சரி, பரிதாபப் பார்வைதானே தப்பு? நம்மைப் புகழ்ந்தால் நல்லதுதானே? இங்கேதான் சிதம்பரம் வருகிறது.

நடராஜரை மேலைநாட்டுக்கு விளக்கிச் சொன்னவர்களில் முதன்மையானவர், இலங்கைத் தமிழரின் மகனான ஆனந்த குமாரசாமி. சிவநடனம் பற்றிய அவருடைய கட்டுரை இடம்பெற்ற நூல் 1918இல் நியூயார்க்கில் வெளியானது. பிரெஞ்சுச் சிற்பி ரோடான், சென்னை அருங்காட்சியகத்தின் நடராஜர் சிலைகளைப் புகைப்படங்களில் பார்த்தே மயங்கி எழுதினார். 1975இல் ஃபிரிட்ஜோஃப் காப்ரா என்ற இயற்பியலாளர், அணுத்துகள்களின் இயக்கத்தை நடராஜரின் ஆட்டத்தோடு ஒப்பிட்டு ஒரு புத்தகம் எழுத, அது உலகமெங்கும் விற்றது. செர்ன் சிலைக்கு இப்படி ஒரு நீண்ட முன்கதை உண்டு. இவை எல்லாமே நமக்குப் பெருமைதான்.

ஆனால், வியந்து பார்க்கிறவர் கண்ணிலும் ஊர் ஜனங்கள் மறைந்துபோகிறார்கள். ‘மர்மமான, ஆன்மிகமான கிழக்கு’ என்ற பிம்பத்தில் சிலை இருக்கும், தீபம் இருக்கும், யானை இருக்கும். 1916இல் சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தர் இருக்க மாட்டார். 1929இல் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்காது. 1965 ஜனவரியில் மொழிப் போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த மாணவர் ராஜேந்திரன் இருக்க மாட்டார். கோயிலுக்குள்ளேயே சிற்றம்பல மேடையில் தமிழில் தேவாரம் பாடுவதற்காக நடந்த போராட்டம், நிர்வாகம் யாருக்கு என்று உச்ச நீதிமன்றம் வரை போய் 2014இல் தீர்ப்பு வந்த வழக்கு, இதெல்லாம் எதுவும் இருக்காது.

அதாவது, சிதம்பரம் என்பது படிக்கிற ஊர், சண்டை போடுகிற ஊர், கேள்வி கேட்கிற ஊர். மர்ம தேசத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வியப்பை வாங்கி நாமே வியாபாரம் செய்கிறோம். ‘நடராஜர் கால் கட்டைவிரல் இருக்கும் இடம்தான் பூமியின் காந்த மையப்புள்ளி, மேல்நாட்டு விஞ்ஞானிகள் எட்டு ஆண்டுகள் ஆராய்ந்து கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்ற செய்தி உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்திருக்கும். பூமியின் காந்த நடுக்கோடு என்பது உலகைச் சுற்றி ஓடும் ஒரு கோடு. கோட்டுக்கு மையப்புள்ளி கிடையாது. அந்தக் கோடு நம் தேசத்தின் தென்முனையை ஒட்டிப் போகிறது. அதனால்தான் கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைத்து, 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை ஏவினார்கள். சிதம்பரம் அந்தத் தும்பாவைவிடக் கிட்டத்தட்ட மூன்று டிகிரி வடக்கே இருக்கிறது. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல்!

அப்பரும் சம்பந்தரும் தில்லையைப் பாடியபோது எந்த மேல்நாட்டு விஞ்ஞானியும் சான்றிதழ் தரவில்லை. அவர்கள் பக்திக்கு அது தேவைப்படவும் இல்லை. நமக்கு மட்டும் ஏன் தேவைப்படுகிறது? அடுத்தவர் கண்ணாடியிலேயே முகம் பார்த்துப் பழகிவிட்டோம், அதனால்தான்.

நம் கையில் இருக்கும் கேமரா

உலகம் நம்மை இப்படிப் பார்க்கிறதே என்று வருத்தப்படும்போது, ஒரு நிமிடம் நம் பக்கமும் திரும்பிப் பார்ப்போம்.

ஒல்லியாக இருக்கும் பிள்ளையைப் பார்த்து, ‘என்னடா, சோமாலியா மாதிரி இருக்கே?’ என்று கேட்காத பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் உண்டா? சோமாலியாவைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வாய்மொழிக் கவிதைக்குப் பேர்போன மக்கள் அவர்கள். நீண்ட கடற்கரை கொண்ட நாடு. 1991இல் அங்கே அரசு குலைந்த பிறகு, வெளிநாட்டு இழுவைப் படகுகள் அத்துமீறி வந்து மீனை அள்ளிப்போனது கண்டு கொதித்த மீனவர்கள் அங்கேயும் உண்டு. நம் கடலூர்த் துறைமுகத்து மீனவருக்கு அவர்களுடைய கோபம் சட்டென்று புரியும். ஆனால், அந்தச் சோமாலியாவை யாரும் நமக்குக் காட்டவில்லை. ஆப்பிரிக்கா என்றால் 54 நாடுகள் கொண்ட கண்டம். நம் சினிமாவில் அது ஒரு காடு, நாலு கொள்ளைக்காரர்கள்.

2023 மார்ச்சில் என்ன நடந்தது? பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகச் சில வீடியோக்கள் வடக்கே பரவின. வேறெங்கோ நடந்தவற்றை இங்கே நடந்ததாக ஒட்டிப் பரப்பியவை அவை. தொழிலாளர்கள் பயந்துபோய் ரயில் ஏறினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்தது. நம்மைப் பற்றிப் பொய்ப் படம் பரவியபோது கொதித்தோம். நியாயம்தான். ஆனால், ‘வடக்கத்திக்காரன் வந்தாலே திருட்டுதான்’ என்று நம் தெருக் குழுவில் பரவும் படங்களை ஒரு தடவையாவது சரிபார்த்தோமா?

2015 நவம்பரில் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியது. பண்ருட்டிப் பக்கம் வீடுகளும் உயிர்களும் போயின. நாட்டின் பெரிய தொலைக்காட்சிகள் பரபரப்பானது எப்போது? டிசம்பர் முதல் வாரம் சென்னை மூழ்கியபோது. லண்டனுக்குக் கடலூர் எவ்வளவு தூரமோ, அதற்குச் சற்றும் குறையாத தூரத்தில்தான் டெல்லிக்கும், சில நேரம் சென்னைக்கும் கடலூர் இருக்கிறது.

குண்டு எட்டிய தூரம்

கடலூர்க்காரர்கள் அறிந்த பழைய கதை ஒன்று உண்டு. 1690இல் கிழக்கிந்திய கம்பெனி, தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு அளவுகோல், பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம். சுட்டார்கள். குண்டு விழுந்த இடம் வரை இருந்த ஊர்கள் கம்பெனிக்குச் சேர்ந்தன. அவற்றுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் வந்தது. கடலூரை ஒட்டி இருக்கும் குண்டு உப்பலவாடியின் பெயரில் அந்தக் குண்டு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பீரங்கி எட்டிய தூரம் வரைதான் அவர்களுக்கு ஊர். இன்று கேமரா எட்டிய தூரம் வரைதான் பலருக்கு உலகம். வெளியே நிற்பவர்கள் கணக்கில் வருவதில்லை.

இதை மாற்ற நாம் என்ன செய்யலாம்? பெரிய காரியம் எதுவும் வேண்டாம். வேறொரு ஊரின் துயரமோ அதிசயமோ செல்போனுக்கு வரும்போது, அதை அடுத்தவருக்குத் தள்ளிவிடும் முன் நாலே நாலு கேள்வி கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் கேட்கப் பழக்குங்கள்.

இந்தப் படம் எங்கே, எப்போது எடுத்தது? இதற்குக் காரணம் யார் அல்லது எது. அது படத்தில் தெரிகிறதா? அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள். வெளியாள் வந்து காப்பாற்றுவது மட்டும்தான் காட்டப்படுகிறதா? இந்த நிலையில் என் வீட்டுப் பெண் இருந்தால் இப்படி ஒரு படத்தை ஊரெல்லாம் அனுப்பச் சம்மதிப்பேனா?

உதவி செய்வதாக இருந்தாலும் இதே வழிதான். என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேட்டுவிட்டுக் கொடுத்தால், சாலையோரம் துணி மலை குவியாது. பட்டியலில் யார் விட்டுப்போனார்கள் என்று கேட்டால், உப்பங்கழியில் நிற்கும் குடும்பமும் கண்ணில் படும்.

உங்கள் ஊரை ஒரே ஒரு படத்தில் உலகத்துக்குக் காட்டச் சொன்னால் எதை அனுப்புவீர்கள்? குழம்பித்தான் போவீர்கள். கோயிலை அனுப்பினால் பள்ளிக்கூடம் விடுபடும். சந்தையை அனுப்பினால் வயல் விடுபடும். கடைசியில், ‘ஒன்று போதாதுங்க, ஒரு பத்துப் படமாவது வேண்டும்’ என்பீர்கள்.

அதே பத்துப் படத்தை சோமாலியாக்காரரும் கேட்பார். பீகாரிலிருந்து வந்து நம் தெருவில் கட்டடம் கட்டிக்கொண்டிருப்பவரும் கேட்பார்.